31ஆம் நாள் நினைவு மலர்: யாழ்ப்பாண அச்சகங்களின் ‘முழுப் பொதி’ சேவை எப்படி?

யாழ்ப்பாணத்தில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியுமுன்னரே செத்தவீட்டுக்காரரிடம் ‘மலர் எங்கை அடிக்கிறியள்?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள். 31ஆம் நாளை ஒட்டிய சடங்கான அந்தியேட்டி பெரும்பாலும் கீரிமலையில் நடக்கும். வீட்டுக்கிருத்தியமும் மதியபோசனமும் அதே நாளிலோ அடுத்து வரும் நாளிலோ இருக்கும். சாப்பிட்டு எழும்புகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு நினைவு மலரோடு படலை கடக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். பழையவர்கள் அதை இன்றும் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். இந்தத் தேவைக்கென்றே யாழ் நகரிலும் சுற்றியுள்ள சந்தை ஊர்களிலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் உள்ள அச்சகங்கள் ‘முழுப் பொதி’ ஒன்று தருகின்றன. தட்டச்சு, அட்டை வடிவமைப்பு, படத் திருத்தம், திருமுறைப் பகுதி, திதி வெண்பா, அச்சு, கட்டு, வீட்டில் கொண்டுவந்து இறக்குதல் வரை எல்லாம் அதில் அடக்கம். கேட்டால் அழைப்பிதழும் பனரும் சட்டமிட்ட படமும் சேர்த்தே செய்து தருவார்கள்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். அச்சிலும் அட்டையிலும் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை; பத்து வருடத்துக்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். வேகமும் நல்லது. ஆனால் பொதி என்று வாங்கினால் வீடு வந்து சேருவது, வேறொருவருடைய மலரில் பெயரும் படமும் மாற்றியதுபோல ஒன்றாகத்தான் இருக்கும். எண்பது, தொண்ணூறு வருடம் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் உழைத்த ஒருவரைப் பற்றி அதில் இரண்டு பக்கம்கூடத் தேறாது. அச்சகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த இரண்டு பக்கத்தை அவர்கள் எழுத முடியாது, எழுதவும் கூடாது. எதை அவர்களிடம் விடலாம், எதை வீட்டிலேயே செய்யவேண்டும் என்று பிரித்துக்கொண்டால் இந்தச் சேவை கொடுத்த காசுக்குப் பெறுமதியானது.

நாட்கணக்கு

31 நாள் என்பது நிறைய நாள்போலத் தெரியும். எட்டுச் செலவு வரைக்கும் ஒருவரும் ஒரு வரி எழுதமாட்டார்கள். வேலை தொடங்குவது பத்தாம் நாள் என்று வையுங்கள். 15ஆம் நாளுக்குள் எழுத்துப் பிரதியும் படங்களும் அச்சகத்துக்குப் போகவேண்டும். 18இல் முதல் ஒப்புநோக்கல், 21இல் இரண்டாவது, 23இல் கடைசிக் கையெழுத்து. அச்சுக்கும் கட்டுக்கும் நாலு நாள். 28இல் பெட்டி வீட்டில் இருந்தால்தான், ஏதாவது பிழைத்தாலும் திருத்த இரண்டு நாள் மிஞ்சும். அச்சகம் ‘இரண்டு நாளில் அடிச்சுத் தாறம்’ என்று சொல்வது பொய்யில்லை, டிஜிற்றல் என்றால் முடியும். ஒப்செற்றில், அதாவது பிளேட் செய்து அடிக்கும் அச்சில், கடும் நிற அட்டை அடித்தால் மை காய ஒரு நாளாவது விடவேண்டும். அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு தாளின் மை மேல் தாளின் முதுகில் ஒட்டிவிடும். வெள்ளை உள்பக்கத்தில் சாம்பல் நிழல்போலத் தெரிகிற கறை பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருவது.

தாமதம் வருவது அச்சகத்தால் அல்ல, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய படத்தாலும் அனுதாபச் செய்தியாலும்தான். கனடாவிலுள்ள மகன் ‘நாளைக்கு அனுப்புறன்’ என்று சொல்லிச் சொல்லியே நாலு நாள் போய்விடும். 15ஆம் நாள் இரவோடு கதவு பூட்டப்படும் என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிந்தி வருவதைப் போட ஒரே ஒரு பக்கம் மாத்திரம் ஒதுக்கி வையுங்கள்.

தாள், பக்கம், பிரதி

வழமையான அளவு ஏ5. நடுவில் கம்பிப் பின் அடித்த கட்டு என்றால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபடவேண்டும். ஒப்செற்றில் 16இன் மடங்காக, அதாவது 16, 32, 48 என்று இருந்தால் தாள் வீணாகாது, விலையும் குறையும். 33 பக்கத்துக்கு விடயம் இருந்தால் ஒரு பக்கத்தைச் சுருக்குங்கள். 36 ஆக்கினால் காசு கூடும். 48ஆக்க நினைத்தால் மிச்சம் 15 பக்கத்தையும் நிரப்ப அச்சகம் தன் கையிருப்புத் தோத்திரங்களைக் கொட்டும்.

உள்தாளுக்கு 80 கிராம் வெள்ளைத்தாள் போதும். படம் நிறைந்த நாலு அல்லது எட்டுப் பக்கத்தை மாத்திரம் 115 அல்லது 130 கிராம் ஆர்ட் தாளில் அடித்து நடுவே சேர்க்கச் சொல்லுங்கள். முழுப் புத்தகத்தையும் மினுக்குத் தாளில் அடிப்பது பொதியின் மிக வீணான பகுதி: பாரம் கூடும், தபாலில் அனுப்பச் செலவு கூடும், மின்விளக்கின் கீழே முதியவர்கள் வாசிக்கமுடியாமல் கண் கூசும். அட்டைக்கு 250 முதல் 300 கிராம் வரை, மங்கல் லமினேஷன். ஒரு பக்கம் மட்டும் லமினேற் செய்த அட்டை ஈரக்காற்றில் சுருளும். மெல்லிய அட்டையில் அது அதிகம், ஆகவே 250க்குக் கீழே இறங்கவேண்டாம். கம்பிப் பின்னைப் பற்றியும் கேளுங்கள். கரையோர ஊர்களில் மலிவான பின் சில வருடத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கோடாக இறங்கும். 64 பக்கத்தைத் தாண்டினால் பின்னை விட்டு முதுகு ஒட்டிய கட்டுக்குப் போகலாம், ஆனால் அந்த ஒட்டு நன்றாகப் பிடிக்க முதுகில் தடிப்பு வேண்டும். 40 பக்க மலரை முதுகு ஒட்டிக் கட்டினால் இரண்டு தரம் திறக்கும்போதே இதழ் கழரும்.

பிரதியை ஆள்கணக்கில் போடாதீர்கள், குடும்பக்கணக்கில் போடுங்கள். 600 பேர் சாப்பாட்டுக்கு 250 மலர் போதும். அதற்குமேல் வராத உறவுக்கு, பாடசாலைக்கு, கோயிலுக்கு, வாசிகசாலைக்கு என்று ஒரு 50. ஒப்செற்றில் பிளேட் செலவு 100 அடித்தாலும் 500 அடித்தாலும் ஒன்றுதான். டிஜிற்றலில் பிரதிக்கு இவ்வளவு என்று நேர்கணக்கு. 200க்குள் என்றால் டிஜிற்றல், 300ஐத் தாண்டினால் ஒப்செற், இடையில் நின்றால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். விலை கேட்கும்போது தட்டச்சும் இரண்டு தடவைத் திருத்தமும் உள்ளடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பின்னர் ‘திருத்தத்துக்குத் தனி’ என்று வரும் கணக்கு இங்கேதான் ஒளிந்திருக்கும்.

படங்கள்

ஏ5 முழுப்பக்கப் படம் ஒன்று தெளிவாக வர 1748க்கு 2480 புள்ளிகள் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். அதையே ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பினால் சுருங்காது. பழைய கடதாசிப் படத்தைத் தொலைபேசியால் படம் பிடிக்காமல் 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள், சட்டத்திலிருந்து கழற்றித்தான் செய்யவேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுத்தால் முகமே உரிந்துவிடும். அப்படியானதை வெயில் படாத வெளிச்சத்தில், கண்ணாடியில் எதுவும் தெறிக்காத கோணத்தில், நல்ல கமராவால் எடுப்பதுதான் வழி.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை விட்டுக் கிளம்பிய வீடுகளில் பலருக்கு இளமைக்காலப் படமே இல்லை. அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அச்சகம் இப்போது அதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பெருப்பித்துத் தருகிறது. விளைவைக் கவனமாகப் பாருங்கள். அந்த மென்பொருள் இல்லாத விவரத்தைத் தானாகக் கற்பனைசெய்து நிரப்பும். கண்ணிமை மாறும், பல்வரிசை நேராகும், திருநீற்றுக் குறியைத் தழும்பென்று நினைத்து அழிக்கும், மூக்குத்தி காணாமற்போகும். தூரத்தில் பார்த்தால் அழகாயிருக்கும், பிள்ளைகளுக்கு மாத்திரம் ‘இது அம்மா இல்லை’ என்று படும். சிறிய தெளிவில்லாத படத்தைச் சிறிதாகவே போடுவது மேல். கோட்டும் ரையும் ஒட்டவைக்கும் பழைய வழக்கத்தையும், பின்னால் கைலாயமலை வைக்கும் புது வழக்கத்தையும் வேண்டாமென்று முதலே சொல்லிவிடலாம். வாழ்நாள் முழுக்க வேட்டி சால்வையோடு நின்றவருக்குக் கோட்டு எதற்கு?

எழுத்துரு என்ற பொறி

எங்கள் அச்சகங்களில் யூனிகோட்டில் சேராத பழைய பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டிலிருந்து யூனிகோட்டில் அனுப்பும் பிரதியை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள், அந்த மாற்றத்தில்தான் பிழை நுழையும். ‘ஔவை’ யில் ஔ என்ற ஓரெழுத்து ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரியும். கிரந்த எழுத்துகள், குறிப்பாக ஸ்ரீயும் க்ஷவும், இடையில் கேள்விக்குறியாகவோ வேறெழுத்தாகவோ வரும். பெயர்களில் இவை அதிகம் என்பதால் ஒப்புநோக்கும்போது முதலில் பெயர்களை மட்டும் தனியாக ஒரு தடவை பாருங்கள். மறுவழியிலும் ஒரு கண்ணி உண்டு: யூனிகோட் எழுத்தை நேரே இன்டிசைனில் ஒட்டினால், பத்தி அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்றதாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும்; ‘கொ’ என்பது கொம்பு தனி, ககரம் தனி என்று உடைந்துவிடும். திரையில் தெரியாமல் பி.டி.எஃப்இல் தெரிகிற பிழையும் உண்டு. ஆகவே ஒப்புநோக்குவதற்குத் தொலைபேசியில் வந்த படப்பிடிப்பை ஏற்காதீர்கள், அச்சுக்குப் போகும் அதே பி.டி.எஃப்ஐக் கடதாசியில் எடுத்து வாசியுங்கள்.

பாமினியில் ‘ரி’யை அடிக்கும்போது ரகரத்துக்குப் பதில் கால் குறியை (ா) அடித்துவிடும் பழக்கமும் பலருக்கு இருக்கிறது. அச்சில் வித்தியாசம் தெரியாது. பிறகு அந்தப் பிரதி யூனிகோட்டாக இணையத்துக்குப் போனால் ‘பரமேஸ்வரி’ என்று தேடுகிற பேரனுக்கு பாட்டியின் மலர் அகப்படாது.

திதி வெண்பா

கல்வெட்டின் மிகப் பழைய, மிகப் பயனுள்ள உறுப்பு இது. ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நாலையும் ஒரு வெண்பாவில் அடக்கிவிட்டால் வருடாவருடம் திவசம் எப்போது என்று ஒருவரும் தேடவேண்டியதில்லை. பொதியில் இது இலவசம். இலவசமாக வருவது என்னவென்றால் ஏற்கெனவே எழுதிய ஒரு வெண்பாவில் மாதமும் பெயரும் மாற்றிய ஒன்று. ‘வைகாசி’ இருந்த இடத்தில் ‘மாசி’ போட்டால் ஓர் அசை குறையும், தளை உடையும். நாலடி, கடைசி அடி மூன்று சீர், வெண்டளை பிறழாமை என்ற மூன்றையும் ஊரிலுள்ள தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினாலே சரிபார்த்துவிடுவார். அவரையே எழுதச் சொல்வது இன்னும் நல்லது, பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள்.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல் கணக்கு. தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. 2025 பெப்ரவரியில் காலமானவருக்கு வருடம் குரோதி, விசுவாவசு அல்ல. ஆங்கில வருடத்தைப் பார்த்து வருடப்பெயர் போடும் பிழை மலர்களில் வழமையாகக் காணக்கிடக்கிறது. அடுத்து வெளிநாட்டு மரணம். திதி ஏறக்குறைய 19 முதல் 26 மணித்தியாலம் வரை நீளும். சந்திரனின் நிலையைப் பொறுத்தது, ஊர்க் கடிகாரத்தைப் பொறுத்ததல்ல. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருப்பது இலங்கை நேரம். ரொறன்ரோவில் கோடையில் இறந்தவரின் நேரத்தோடு 9½ மணித்தியாலம் கூட்டிய பிறகே அந்தப் பஞ்சாங்கத்தைத் திறக்கவேண்டும், குளிர்காலத்தில் 10½. லண்டனுக்குக் கோடையில் 4½, குளிர்காலத்தில் 5½. இந்தக் கூட்டலைச் செய்யாமல் அச்சகத்துக்கு இறந்த திகதியை மட்டும் கொடுத்தால் தசமி ஏகாதசியாகவோ நவமியாகவோ மாறிப்போகும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கமும் இங்கே புழங்குகின்றன. இரண்டிலும் திதி முடியும் நேரம் ஒன்றாயிராது. குடும்பத்துக் குருக்கள் எதைப் பின்பற்றுகிறாரோ அதைக் கொண்டு அவரே எழுதித் தரும் குறிப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொடுங்கள். வெண்பாவின் கீழே ஆங்கிலத் திகதியையும் மரணம் நிகழ்ந்த ஊரையும் நேரத்தையும் உரைநடையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பிறகு யாரும் மறுபடி சரிபார்க்கலாம்.

திருமுறைப் பகுதி

பொதியில் இதற்கு ஆயத்தக் கோப்பு ஒன்று இருக்கும்: விநாயகர் வணக்கம், பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம், இன்னும் சில. எழுத்துப் பெரிதாக்கி, ஓரத்தில் பூவேலை வைத்து, 24 பக்கம்வரை இழுப்பார்கள். பக்கம் நிரப்பும் பஞ்சு இது. ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் மலர் பூசையறையில் நிலைத்து நிற்பதும் இதனால்தான். பஞ்சபுராணம் என்றால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்து. திருப்புகழும் ‘வான்முகில்’ வாழ்த்தும் சேர்த்தால் இரண்டு பக்கம். சிவபுராணம் 95 அடி. பக்கத்துக்கு 32 அடி வைத்தால் மூன்றே பக்கம். கடைசி அடிகள் அடுத்த பக்கத்துக்கு வழிந்து, பக்கம் சேர்க்கும்போது வெட்டுப்பட்டுப்போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. 95 வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மிச்சப் பக்கங்களை ஆயத்தக் கோப்புக்கு விடாமல், மறைந்தவர் பாடிய பதிகத்தைப் போடுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் திருக்கேதீச்சரப் பதிகம் பாடியவர் என்றால் சம்பந்தரின் ‘விருது குன்றமா’, சுந்தரரின் ‘நத்தார்படை’ இரண்டையும் முழுதாக. திருகோணமலையில் வேலைபார்த்தவர் என்றால் ‘நிரைகழ லரவம்’. ஊர்க் கோயிலுக்கு யாராவது பாடிய ஊஞ்சற்பாட்டு இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை: கும்பாபிஷேக மலரிலோ ஓதுவாரின் கொப்பியிலோ மாத்திரம் இருக்கிற பாட்டு அச்சில் ஒரு தரம் வந்தால் தப்பிப்பிழைக்கும். மூலத்தை இணையத்தில் கண்ட இடத்தில் எடுக்காமல், அச்சான திருமுறைப் பதிப்போடு வரிவரியாக ஒப்பிடச் செய்யுங்கள்.

வாழ்க்கை வரலாறு

பொதியின் மிக மெலிந்த பகுதியும், மலரின் ஒரே அவசியமான பகுதியும் இதுதான். அச்சகத்திடம் ஒரு படிவம் உண்டு. பிறந்த ஊர், பெற்றோர், படித்த பாடசாலை, தொழில், மணம், பிள்ளைகள் என்று நிரப்பிக் கொடுத்தால், ‘சைவமும் தமிழும் தழைத்தோங்கும்’ என்று தொடங்கி, ‘அனைவருடனும் அன்பாகவும் பண்பாகவும்’ பழகி, ‘சமூக சேவையில் தன்னை அர்ப்பணித்து’ முடியும் ஒரு கட்டுரை கிடைக்கும். அதில் பெயரை மறைத்தால் யாருடைய மலர் என்று அவருடைய சொந்தப் பிள்ளைக்கே தெரியாது.

இறந்தவர்மேல் பாடிய பழைய சரமகவிகள் வெறும் ஒப்பாரி என்று நினைப்பவர்கள் ஒன்றை எடுத்து வாசிக்கவேண்டும். நாட்டுவளம், மரபு, கல்வி, தொழில், திருப்பணி, பிணி, மறைவு, பிறகு மனைவி, மக்கள், மருமக்கள், பேரர் என்று முறைவைத்துப் புலம்பல். மிகைப்படுத்தல் இருந்தாலும் எந்தக் கேணியை யார் வெட்டினார், எந்த மடத்துக்கு எத்தனை பரப்புக் காணி எழுதினார் என்பது அதற்குள் இருக்கும். இன்றைய கட்டுரையில் பெயரடைகள் மட்டும் மிஞ்சி அந்த விவரங்கள் உதிர்ந்துவிட்டன.

சேவையை எழுதும் வழி எளிது: பதவி, நிறுவனம், வருடம், செய்த வேலை. ‘சனசமூக நிலையத்தின் வளர்ச்சிக்கு அரும்பாடுபட்டார்’ என்பதை விட்டுவிட்டு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பொருளாளர், அந்தக் காலத்தில் கூரை ஓடாக மாறியதா, பத்திரிகைக்கு யார் காசு கட்டினார் என்று எழுதுங்கள். கோயில் என்றால் பரிபாலன சபையில் எந்தப் பொறுப்பு, எத்தனையாம் திருவிழா உபயம், எந்தக் கும்பாபிஷேகத்தில் என்ன திருப்பணி. செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு ஆண்டுதோறும் மரக்கறி வெட்டப் போனவர் என்றால் அதையே எழுதுங்கள். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர் என்றால் எந்த வருடங்களில், யாரோடு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண சகாய நிதி, அறநெறிப் பாடசாலை எல்லாவற்றிலும் கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கும்; செயலாளரிடம் கேட்டால் ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம். அரச சேவையாளர் என்றால் நியமனக் கடிதமும் இடமாற்றக் கடிதமும் ஓய்வூதியக் கோப்பில் வரிசையாக இருக்கும். கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், மற்றவர்களுடைய நினைவு மலர்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடினால் மறைந்தவரின் பெயர் எங்காவது ஒரு சபை உறுப்பினர் பட்டியலில் அகப்பட வாய்ப்புண்டு.

இடப்பெயர்வைக் கட்டாயம் எழுதுங்கள். ‘நாட்டின் அசாதாரண சூழ்நிலை காரணமாக’ என்ற ஒற்றைச் சொற்றொடரால் முப்பது வருடத்தை மூடிவிடுகிறோம். 1987இல் எந்த வீடு, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவரா, 1995இல் தென்மராட்சியில் யார் வீட்டுத் திண்ணையில், வன்னிக்குப் போனாரா, எப்போது திரும்பினார். இவற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எட்டுச் செலவன்றே அவர்கள் எல்லாரும் ஒரே முற்றத்தில் இருப்பார்கள், ஒரு தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். அந்தியேட்டியன்று கேட்டால் மலர் ஏற்கெனவே அடித்து முடிந்திருக்கும்.

பெண்களின் மலர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. ஐயா கோயில் தலைவராக இருந்தால் நாலு பக்கம். அம்மாவுக்கு ‘சிறந்த இல்லத்தரசியாக, கணவனின் கண்ணின் மணியாக’ என்று அரைப்பக்கம், பிறகு பிள்ளைகள் பார்க்கும் உத்தியோகங்களின் பட்டியல். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் படையல் செய்தது யார், ஊரில் பிள்ளைப்பேறு என்றால் நள்ளிரவில் யாரைக் கூப்பிட்டார்கள், சீட்டுப் பிடித்து எத்தனை பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார், மாதர் சங்கத் தையல் வகுப்பில் எத்தனை பேர் பழகினார்கள் என்று கேட்டால் அதற்கும் நாலு பக்கம் வரும். அயலட்டைப் பெண்கள் இருவரைக் கேட்டாலே போதும்.

அளவு: 1,200 முதல் 1,500 சொல். ஏ5இல் 11 புள்ளி எழுத்தில் ஆறேழு பக்கம். ஒருவர் எழுதவேண்டும், மூவர் வாசிக்கவேண்டும். மூவரில் ஒருவர் மறைந்தவரின் உடன்பிறப்பாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தெரியாத முதல் முப்பது வருடம் அவருக்குத்தான் தெரியும்.

வம்சாவளியும் நன்றி நவிலலும்

எட்டுப் பிள்ளைகள், இருபத்தைந்து பேரர், பத்துப் பூட்டர் என்றால் ஏ5 பக்கத்தில் மரப்படம் போடமுடியாது. எழுத்து 6 புள்ளிக்கு இறங்கி எறும்புபோல ஆகும். நடுவே ஏ4 தாளை மடித்துச் செருகலாம், அல்லது தலைமுறைக்கு ஓர் எண் கொடுத்துப் பட்டியலாகப் போடலாம். பட்டியல் அழகில்லை, ஆனால் வாசிக்கலாம். வீட்டுப்பெயரையும் அடைப்புக்குள் சேருங்கள். ‘கிளியக்கா’வைப் பதிவுப்பெயரில் ஊரில் யாருக்கும் தெரியாது. மருமக்களின் பெற்றோர் பெயர்களையும் சேர்த்தால் சம்பந்திகள் மனம் குளிரும், ஆராய்ச்சிக்காரருக்கும் உதவும். பிரிந்துபோன திருமணங்களை என்ன செய்வது என்பதை மூத்த பிள்ளை ஒருவர் தொலைபேசியில் உரியவரிடம் கேட்டே முடிவுசெய்யவேண்டும், அச்சகத்தில் நின்று முடிவுசெய்கிற விடயமல்ல அது.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியைப் போடாதீர்கள். மலரின் பி.டி.எஃப் அன்றிரவே வட்ஸ்அப்பில் உலகம் சுற்றும். முழுப்பெயர், பிறந்த திகதி, தாயின் கன்னிப்பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், வெளிநாட்டு வங்கிகள் தொலைபேசியில் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை கையில் கொடுத்ததாகிவிடும். பிறந்த வருடம் போதும். சிறுபிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம்.

நன்றி நவிலலில் பெயர் சொல்லத் தொடங்கினால் விடுபட்டவரின் கோபம் திவசம் வரை நீளும். பந்தல் போட்டவர், சமைத்தவர், பறை அடித்தவர், வைத்தியசாலையில் இரவு நின்றவர் என்று செய்த வேலையைச் சொல்லுங்கள், பெயரை விடுங்கள்.

கிறிஸ்தவ வீடுகளுக்கும் இதே அச்சகங்கள் செய்கின்றன. 31ஆம் நாள் திருப்பலிக்கு அல்லது ஆராதனைக்கு எட்டுப் பக்கம், 23ஆம் சங்கீதம், பாடல்கள், ஒரு சிறு வரலாறு. பக்கம் குறைவென்பதால் பிழையும் குறைவு. திருவிவிலிய மேற்கோள் எந்த மொழிபெயர்ப்பிலிருந்து என்பதை மாத்திரம் சொல்லிவிடுங்கள், கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையினருக்கும் பாடம் வேறு.

கடைசிக் கையெழுத்துக்கு முன்

உள்ளட்டையில் அச்சிட்ட வருடம், தொகுத்தவர் பெயர், அச்சகம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘31ஆம் நாள் நினைவு’ என்று மாத்திரம் போட்டு வருடமே இல்லாத மலர்கள் ஏராளம். படங்களின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர் எழுதியிருக்கவேண்டும். கியூஆர் கோடு வைத்துக் காணொளிக்கு இணைப்புத் தருவதைச் சில அச்சகங்கள் மேலதிகமாக விற்கின்றன. இரண்டு சென்ரிமீற்றருக்குச் சிறிதாக அடித்தால் பல தொலைபேசிகள் வாசிக்கத் திணறும். இணைப்பு அச்சகத்தின் கணக்கில் இருந்தால் அவர்கள் மூடும் நாளில் அதுவும் போய்விடும். வேண்டுமென்றால் குடும்பத்தவர் ஒருவரின் கணக்கில் ஏற்றி அந்த இணைப்பைக் கொடுங்கள்.

காசு கட்டும்போது மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: அச்சுக்குப் போன பி.டி.எஃப், திருத்தக்கூடிய மூலக் கோப்பு, ஸ்கான் செய்த படங்கள் முழு அளவில். மூலக் கோப்பைத் தரப் பல அச்சகங்கள் தயங்கும். முற்பணம் கொடுக்கும்போதே பேசிவைத்தால் தருவார்கள். அவர்களுடைய கணினியில் அது ஆண்டுத்திவசம் வரை இருக்கும் என்று நம்பியிருக்கவேண்டாம். பெட்டி வந்ததும் நூலகம் செயற்றிட்டத்துக்கு இரண்டு பிரதியும் பி.டி.எஃப்பும், ஊர் வாசிகசாலைக்கு ஒன்று, படித்த பாடசாலைக்கு ஒன்று என்று முதலே எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் பகிரத் தொடங்கினால் பின்னேரம் ஒரு பிரதியும் மிஞ்சாது.